பெட்டியின் விலையும் படத்தின் விலையும்: வீட்டு ஃபோட்டோ பிரிண்டரின் கதை

வீட்டிலேயே புகைப்படம் அச்சிட விலை குறைந்த பிரிண்டர் எது? டிஜிட்டல் கேமரா வந்த நாளிலிருந்து பல வீடுகளில் எழுந்துவரும் கேள்வி இது. கடைக்குப் போகிறவர்கள் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலையைப் பார்க்கிறார்கள். எது குறைவோ அதை வாங்கி வருகிறார்கள். இரண்டு மாதம் கழித்து மை தீர்ந்து போகிறது. புது மை வாங்கப் போனால் அதன் விலை பிரிண்டரின் விலையை எட்டிப் பிடிக்கிறது! அப்புறம் அந்த பிரிண்டர் மேசையின் ஓரத்தில் தூசி படிந்து கிடக்கிறது. எடுத்த படங்கள் கணினிக்குள்ளேயே தங்கி விடுகின்றன.

இது வாங்கியவரின் துரதிர்ஷ்டம் இல்லை. புகைப்படத் தொழிலின் நூறாண்டுப் பழக்கம். கருவியைக் குறைந்த விலைக்குக் கொடு, அதற்குள் போடும் பொருளில் சம்பாதி என்ற கணக்கு இன்க்ஜெட் பிரிண்டர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே தொடங்கி விட்டது. அந்த வரலாற்றைத் தெரிந்து கொண்டால் எந்த பிரிண்டரை வாங்குவது என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்து விடும்.

படம் ஒன்றுக்குப் பத்து சென்ட்

1888இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடாக்' என்ற பெயரில் ஒரு கேமராவை விற்பனைக்குக் கொண்டு வந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்கள் எடுக்கும் ஃபிலிம் சுருள் ஏற்கனவே போடப்பட்டிருக்கும். 100 படமும் எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பி விட வேண்டும். அவர்கள் ஃபிலிமைக் கழுவி, படங்களைத் தாளில் போட்டு, புதுச் சுருளையும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். இதற்குக் கட்டணம் 10 டாலர்.

அதாவது படம் ஒன்றுக்கு 10 சென்ட். அந்தக் காலத்து 10 சென்ட் சிறிய தொகை இல்லை. ஆனால் கணக்கு வெளிப்படையாக இருந்தது. கேமரா வாங்குகிறவருக்கு முதல் நாளே தெரியும், ஒரு படத்துக்கு எவ்வளவு ஆகும் என்று.

1900இல் அதே ஈஸ்ட்மன் 'பிரௌனி' கேமராவை விட்டார். விலை ஒரே ஒரு டாலர்! ஆறு படம் எடுக்கும் ஃபிலிம் 15 சென்ட். சிறுவர்களும் வாங்கக்கூடிய விலையில் கேமரா வந்து விட்டது. கேமராவில் பெரிய லாபம் இல்லை என்றாலும் வாங்கிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கணக்கில் ஃபிலிம் வாங்கிக் கொண்டே இருந்தார்கள். கோடாக் உலகப் பெரும் நிறுவனமாக வளர்ந்தது இந்த வழியில்தான்.

அடுத்து வந்தவர் எட்வின் லேண்ட். அவருடைய போலராய்டு கேமரா 1948 நவம்பரில் பாஸ்டன் நகரக் கடை ஒன்றில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. படம் எடுத்த ஒரு நிமிடத்தில் கையில் தாள் கிடைக்கும். இருட்டறை வேண்டாம், ஸ்டூடியோ வேண்டாம், காத்திருக்க வேண்டாம். வீட்டிலேயே படம் போட்டுக் கொள்ளும் ஆசைக்கு முதலில் உருவம் கொடுத்தது இந்தக் கேமராதான். ஆனால் அதற்கான ஃபிலிமை போலராய்டிடம் மட்டுமே வாங்க முடியும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக் கொள்ளலாம். பின்னால் பிரிண்டர் மையின் கதையில் இது மறுபடியும் வரும்.

மை துள்ளிய கதை

இன்க்ஜெட் என்றால் மையைப் பீய்ச்சுவது. ஒரு திரவத் தாரை எப்படித் துளிகளாக உடைகிறது என்பதை 1878இலேயே பிரிட்டிஷ் விஞ்ஞானி ராலே ஆராய்ந்தார். 1951இல் சுவீடனைச் சேர்ந்த ரூனே எல்ம்க்விஸ்ட் மையைப் பீய்ச்சி வரைபடம் எழுதும் மருத்துவக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கரை உருவாக்கியதிலும் பங்கு உள்ளவர் இவர்.

வீட்டு பிரிண்டருக்கான வழி பிறந்தது 1970களின் இறுதியில். 1977இல் ஜப்பானின் கேனன் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோ வேலை செய்து கொண்டிருந்தார். மை நிரப்பிய ஊசி ஒன்றின் மேல் சூடான சால்டரிங் இரும்பு தற்செயலாகப் பட்டு விட்டது. ஊசி முனையிலிருந்து மை துள்ளித் தெறித்தது. சூட்டில் மைக்குள் ஒரு குமிழி தோன்றி மையை வெளியே தள்ளியிருக்கிறது! இதிலிருந்துதான் 'பபிள் ஜெட்' பிறந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் எச்.பி. நிறுவனத்தின் ஜான் வாட் தனியாக இதே கருத்தை வந்தடைந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது வியப்புதான்.

எச்.பி. 1984இல் 'திங்க்ஜெட்' பிரிண்டரை 495 டாலருக்கு விற்றது. கேனனின் பபிள் ஜெட் 1985இல் வந்தது. 1988இல் சாதாரணத் தாளில் அழகாக அச்சிடும் எச்.பி. டெஸ்க்ஜெட் 995 டாலருக்கு வந்தது. எப்சன் வேறு வழியில் போனது. மின்சாரம் கொடுத்தால் வடிவம் மாறும் 'பீசோ' பொருளைப் பயன்படுத்தி மையைச் சூடாக்காமல் தள்ளும் வழி அது. 1993இல் வந்த எப்சன் ஸ்டைலஸ் 800 இந்த வகைக்கு வீட்டுச் சந்தையைத் திறந்து விட்டது.

இந்த இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு பொறியாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. வாங்குகிறவரின் பையையும் அது தொடுகிறது. சூடாக்கும் வகையில் மை பீய்ச்சும் பகுதியை, அதாவது பிரிண்ட் ஹெட்டை, சிப் தயாரிப்பதைப் போல மலிவாகத் தயாரிக்க முடிந்தது. எனவே எச்.பி. தன் பல பிரிண்டர்களில் அதை கார்ட்ரிட்ஜோடு சேர்த்தே வைத்தது. மை தீர்ந்தால் ஹெட்டையும் சேர்த்துத் தூக்கிப் போட்டு விடலாம். அடைப்பு வந்தாலும் கவலை இல்லை, புது கார்ட்ரிட்ஜ் போட்டால் சரியாகி விடும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு ஹெட்டுக்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டும். எப்சன் வகையில் ஹெட் பிரிண்டரோடு நிரந்தரமாக இருக்கும். மை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் நெடு நாள் பயன்படுத்தாமல் விட்டு மை காய்ந்து அடைத்துக் கொண்டால் பிரிண்டரே போய் விடும் அபாயம் உண்டு.

ஆறு நிறங்கள்

இந்த பிரிண்டர்கள் கடிதம் அச்சிடத்தான் வந்தன. புகைப்படம் அச்சிடும் தரம் அப்போது மலிவில் கிடைக்கவில்லை. பாடகரும் புகைப்படக் கலைஞருமான கிரகாம் நாஷ் தன் படங்களைக் கணினியிலிருந்து அச்சிட விரும்பி ஐரிஸ் 3047 என்ற இன்க்ஜெட் இயந்திரத்தை வாங்கினார். அதன் விலை 1,26,000 டாலர்! அதை வைத்து 1991இல் கலிஃபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினார். அந்த இயந்திரம் 2005இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த இயந்திரம் செய்த வேலையின் சாயல் சில ஆண்டுகளிலேயே வீட்டு மேசைக்கு வந்து விட்டது. 1994இல் எப்சன் ஸ்டைலஸ் கலர் அங்குலத்துக்கு 720 புள்ளிகள் வைத்து வண்ணத்தில் அச்சிட்டது. அப்படியும் முகங்களில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. காரணம் எளிது. வெளிர் நிறம் வேண்டுமானால் பிரிண்டர் அடர் மையைத் தள்ளித் தள்ளித் தெளிக்கும். வெள்ளைத் தாளில் தனித்தனியாக நிற்கும் அடர் புள்ளி கண்ணுக்குத் தெரிந்து விடும். 1996இல் வந்த எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ இதற்கு ஒரு வழி கண்டது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளோடு வெளிர் சயான், வெளிர் மெஜந்தா என்று இரண்டைச் சேர்த்தது. கன்னத்தின் நிறமும் வானத்தின் நீலமும் வழுவழுப்பாக வந்தன. இன்றும் புகைப்படத்துக்கென்று ஆறு நிற பிரிண்டர்கள் விற்கப்படுவதற்கு இதுவே காரணம்.

1997இல் எச்.பி. 'ஃபோட்டோஸ்மார்ட்' என்ற பெயரில் கேமரா, ஸ்கேனர், பிரிண்டர் மூன்றையும் சேர்த்துக் கொண்டு வந்தது. 2003இல் 'பிக்ட்பிரிட்ஜ்' என்ற பொதுத் தரமுறை வந்தது. ஒரு கம்பெனியின் கேமராவை வேறு கம்பெனியின் பிரிண்டரில் கேபிள் போட்டு மாட்டி, கணினி இல்லாமலே அச்சிடலாம். எல்லாம் எளிதாகி விட்டது. விலையும் இறங்கியது. 1988இல் ஆயிரம் டாலருக்கு விற்ற பொருளை 2000களில் நூறு டாலருக்கும் குறைவாக வாங்க முடிந்தது.

மலிவுக்குப் பின்னால்

பிரௌனி கேமராவின் கணக்கு இங்கே மறுபடியும் வந்தது. பெட்டியில் விட்ட பணத்தை மையில் எடுக்க வேண்டும். சில பிரிண்டர்களோடு வந்த முதல் கார்ட்ரிட்ஜில் மை குறைவாகவே இருந்தது. மூன்று நிறங்களையும் ஒரே கார்ட்ரிட்ஜில் வைத்தார்கள். கடற்கரைப் படங்களாகப் போட்டு நீலம் தீர்ந்து விட்டால், மீதி மஞ்சளையும் மெஜந்தாவையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டியதுதான். ஹெட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் பிரிண்டர் கொஞ்சம் மையை உள்ளே இருக்கும் பஞ்சில் துப்புகிறது. அதுவும் காசு கொடுத்து வாங்கிய மைதான். ஒரு மில்லிலிட்டர் பிரிண்டர் மை பழைய ஷாம்பெயின் மதுவை விடப் பல மடங்கு விலை அதிகம் என்று 2003இல் பிரிட்டனின் 'விச்?' நுகர்வோர் இதழ் கணக்குப் போட்டுக் காட்டியது.

மக்கள் சும்மா இருப்பார்களா? ஊசியால் மை நிரப்பினார்கள். மாற்றுக் கம்பெனிகளின் கார்ட்ரிட்ஜ் வாங்கினார்கள். கம்பெனிகள் கார்ட்ரிட்ஜில் சிப் வைத்தன. வேற்று கார்ட்ரிட்ஜ் போட்டால் பிரிண்டர் ஏற்றுக் கொள்ளாது. அங்கிருந்து சண்டை நீதிமன்றத்துக்குப் போனது.

லேசர் பிரிண்டர் டோனரின் சிப்பை நகலெடுத்ததற்காக ஸ்டாட்டிக் கன்ட்ரோல் என்ற நிறுவனத்தின் மேல் லெக்ஸ்மார்க் 2002இல் வழக்குப் போட்டது. திரைப்படம், பாட்டுத் திருட்டைத் தடுக்க 1998இல் அமெரிக்கா இயற்றிய பதிப்புரிமைச் சட்டத்தைத் துணைக்கு இழுத்தது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வேறொரு வழக்கில், ஒரு முறை விற்று விட்ட கார்ட்ரிட்ஜின் மேல் காப்புரிமை காட்டி மறுபயன்பாட்டைத் தடுக்க முடியாது என்று 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க்குக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் தீர்ப்புகளால் மட்டும் சண்டை முடிந்து விடவில்லை. 2016 செப்டம்பரில் எச்.பி.யின் சில பிரிண்டர்கள் அதுவரை வேலை செய்து வந்த மாற்று கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று மறுக்கத் தொடங்கின. முன்பே பிரிண்டருக்குள் போயிருந்த மென்பொருள்தான் காரணம். எதிர்ப்பு கிளம்பியதும் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பாதிக்கப்பட்ட பிரிண்டர்களுக்கு அதை நீக்கும் மென்பொருளை வெளியிட்டது. விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருக்கும் பொருள் யாருடைய பேச்சைக் கேட்கும் என்ற கேள்வியை இந்தச் சம்பவம் பலருக்கும் எழுப்பியது. இப்போதும் சில பிரிண்டர்களின் பெட்டியில் அசல் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் மட்டுமே வேலை செய்யும் என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். வாங்கும் முன் படிக்க வேண்டிய வரி அது.

ஆரஞ்சாக மாறிய படங்கள்

விலை ஒரு பக்கம். படம் எத்தனை நாள் இருக்கும் என்பது இன்னொரு பக்கம். தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் அறுபது எழுபது ஆண்டு கழித்தும் சுவரில் இருக்கிறது. இன்க்ஜெட் படம் அப்படி இருக்குமா?

2000இல் எப்சனின் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 பிரிண்டர்கள் வெளிவந்து பெரும் பாராட்டைப் பெற்றன. கொஞ்ச நாளில் ஒரு புகார் கிளம்பியது. குறிப்பிட்ட பளபளப்புத் தாளில் அச்சிட்டுத் திறந்த வெளியில் வைத்த படங்கள் சில வீடுகளில் விரைவிலேயே ஆரஞ்சு நிறமாக மாறின. வேறு வீடுகளில் ஒன்றும் ஆகவில்லை. காற்றில் உள்ள ஓசோன் வாயு சயான் சாயத்தைச் சிதைப்பதுதான் காரணம் என்று தெரிய வந்தது. நீலம் போனால் மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும்தானே! நுண் துளைகள் கொண்ட தாள் மையைச் சட்டென்று உலர்த்தும். அதே துளைகள் வழியாகக் காற்றும் உள்ளே போய் விடும். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த படங்கள் தப்பித்தன.

வண்ணப் படங்கள் எவ்வளவு காலம் நிற்கும் என்று ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அமெரிக்காவின் ஹென்றி வில்ஹெல்ம். இது பற்றி 1993இல் ஒரு பெரிய நூலும் எழுதியவர். அவருடைய நிறுவனத்தின் சோதனைகள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காட்டின. மையை மட்டும் வைத்து ஆயுளைச் சொல்ல முடியாது. மையும் தாளும் சேர்ந்த ஜோடிக்குத்தான் ஆயுள் உண்டு. நீரில் கரையும் சாய மை கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் எளிதில் வெளிறும். நுண் துகள்களால் ஆன பிக்மென்ட் மை நெடுங்காலம் நிற்கும். ஆரஞ்சுப் புகார் எழுந்த அதே 2000ஆம் ஆண்டில் எப்சன் பிக்மென்ட் மை கொண்ட ஸ்டைலஸ் ஃபோட்டோ 2000பி என்ற பிரிண்டரையும் விட்டது. பிறகு சாய மைகளும் வெகுவாக முன்னேறின.

மலிவான மாற்று மை வாங்குகிறவர்கள் இதை மறந்து விடக் கூடாது. பள்ளி ப்ராஜெக்டுக்குப் படம் ஒட்ட எந்த மையும் போதும். ஆல்பத்தில் வைக்கும் குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்துக்கு அந்த மை போதுமா என்பது வேறு கேள்வி.

மறுபடியும் பத்து சென்ட்

மையின் விலை மீதான கோபம் முற்றியிருந்த நேரத்தில் அதை வியாபார வாய்ப்பாகப் பார்த்தது வேறு யாருமில்லை, பழைய கோடாக்தான். ஃபிலிம் விற்பனை சரிந்து கொண்டிருந்தது. எச்.பி.யில் பிரிண்டர் தொழிலை நடத்திய அன்டோனியோ பெரேஸ் அப்போது கோடாக்கின் தலைவர். 2007 பிப்ரவரியில் கோடாக் தன் சொந்த இன்க்ஜெட் பிரிண்டர்களை அறிவித்தது. வழக்கமான கணக்கை அப்படியே தலைகீழாக்கியது. பிரிண்டரின் விலை போட்டியாளர்களை விடக் கொஞ்சம் கூடுதல், 149 டாலரிலிருந்து தொடக்கம். கறுப்பு மை 9.99 டாலர், வண்ண மை 14.99 டாலர். அதுவும் பிக்மென்ட் மை. மையும் தாளும் சேர்ந்த பொதியை வாங்கினால் ஒரு படத்துக்கு 10 சென்ட் வரை இறங்கும் என்று விளம்பரம் செய்தது.

1888இல் கோடாக் கேமராவோடு வந்த அதே 10 சென்ட்! 119 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு எவ்வளவோ குறைந்து விட்டது என்பதால் உண்மையில் இது மிக மலிவு.

நியாயமான கணக்குத்தான். ஆனாலும் வெற்றி கிடைக்கவில்லை. கடையில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருக்கும்போது வாங்குகிறவரின் கண் பெட்டியின் விலையைத்தான் பார்த்தது. அதே ஆண்டில் ஐஃபோன் வந்தது. படங்கள் தாளை விட்டுத் திரைக்கு நகரத் தொடங்கின. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரியது. அதே ஆண்டு செப்டம்பரில் வீட்டு பிரிண்டர் விற்பனையை விட்டு விலகப் போவதாக அறிவித்தது. கோடாக்கை நம்பி பிரிண்டர் வாங்கியவர்கள் நல்ல கணக்குப் போட்டவர்கள்தான். ஆனால் பிரிண்டரின் ஆயுள் முழுக்க மை கிடைக்குமா என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதை அவர்களுடைய அனுபவம் காட்டியது.

நாடாவில் வந்த படம்

இன்க்ஜெட்டுக்கு வெளியே இன்னொரு வழியும் இருந்தது. நிறம் பூசிய பிளாஸ்டிக் நாடாவைச் சூடாக்கினால் சாயம் ஆவியாகித் தாளில் இறங்கும். 'டை சப்ளிமேஷன்' என்று பெயர். மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியில் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு என்று தாள் நான்கு முறை உள்ளே போய் வரும். கேனன் 2000களின் தொடக்கத்தில் கொண்டு வந்த, பின்பு 'செல்ஃபி' என்று பெயர் பெற்ற சிறிய பிரிண்டர்கள் இந்த வகை. (முகத்தை எடுத்துக் கொள்ளும் செல்ஃபி இல்லை, அது பின்னால் பிரபலமான சொல்!)

இதில் ஒரு நாடாவுக்கு 36 அஞ்சலட்டை அளவுப் படங்கள். 108 தாளும் மூன்று நாடாவும் சேர்த்துப் பொதியாக விற்கிறார்கள். வானம் நிறைந்த படமானாலும், வெள்ளைச் சட்டைப் படமானாலும் நாடாவில் செலவாகும் நீளம் ஒன்றுதான். எனவே பொதியின் விலையை 108ஆல் வகுத்தால் படத்தின் விலை வந்து விடும். ஆறு மாதம் அலமாரியில் வைத்து எடுத்தாலும் அடைப்பு வராது, ஏனென்றால் திரவ மையே இல்லை. குறைகளும் உண்டு. பெரிய படம் போட முடியாது. படம் ஒன்றின் விலை அவ்வளவு குறைவும் இல்லை. பயன்படுத்திய நாடாவில் அச்சிட்ட படத்தின் நிழல் அப்படியே பதிந்திருக்கும். தனிப்பட்ட படங்களை அச்சிட்டவர்கள் நாடாவைக் கிழித்துப் போடுவது நல்லது.

2004இல் எப்சனும் இதே மனப்பான்மையில் 'பிக்சர்மேட்' பிரிண்டரை 199 டாலருக்கு விட்டது. இன்க்ஜெட்தான், ஆனால் 100 தாளும் அதற்குரிய மையும் சேர்ந்த பொதி 29 டாலர். படம் 29 சென்ட். ஈஸ்ட்மனின் 1888ஆம் ஆண்டுக் கணக்கைப் போல வகுத்துப் பார்க்கத் தோதான விலை.

ஆசியாவிலிருந்து வந்த டேங்க்

கடைசித் திருப்பம் ஆசியாவில் நடந்தது. கார்ட்ரிட்ஜின் விலையைத் தாங்க முடியாத ஸ்டூடியோக்காரர்களும் ஜெராக்ஸ் கடைக்காரர்களும் பிரிண்டரின் பக்கவாட்டில் மைப் புட்டிகளை வைத்து, மெல்லிய குழாய்கள் வழியாக உள்ளே மை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து கொண்டார்கள். கம்பெனிகளின் பார்வையில் இது கள்ள வழி. ஆனால் இந்தியா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் இது சர்வ சாதாரணம்.

2010இல் எப்சன் இந்த ஏற்பாட்டை எதிர்ப்பதை விட்டுத் தானே செய்து விற்கத் துணிந்தது. எல்100, எல்200 என்ற டேங்க் பிரிண்டர்கள் முதலில் இந்தோனேசியாவில் வெளியாகின. பிறகு இந்தியாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் வந்தன. அமெரிக்காவுக்குப் போனது 2015இல்தான். பொதுவாக மேலை நாட்டில் பிறந்து இங்கே வரும் பொருள்களைத்தான் பார்த்திருக்கிறோம். இது இங்கிருந்து அங்கே போனது! கேனனும் எச்.பி.யும் பின்னாலேயே டேங்க் பிரிண்டர்களைக் கொண்டு வந்தன. ஆறு நிற டேங்க் பிரிண்டர்களும் வந்து, தமிழ்நாட்டின் பல ஊர்களில் பாஸ்போர்ட் அளவுப் படம் போடும் சிறிய ஸ்டூடியோக்களின் அன்றாடக் கருவியாகி விட்டன.

சாதாரண சிறு கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் 10 மில்லிலிட்டர் மை கூட இருக்காது. எல்100க்கான ஒரு புட்டியில் 70 மில்லிலிட்டர். மையின் விலை இப்படி இறங்கியதும் லாபம் எங்கே போனது? பெட்டிக்குப் போனது. டேங்க் பிரிண்டரின் விலை கார்ட்ரிட்ஜ் பிரிண்டரை விட இரண்டு மூன்று மடங்கு. 2007இல் கோடாக் சொன்னது இதைத்தான். மூன்று ஆண்டு கழித்து வேறு கண்டத்தில் அது பலித்தது. இந்தச் சந்தையில் தினமும் நூற்றுக்கணக்கில் அச்சிடுகிறவர்கள் இருந்தார்கள், அவர்கள் பெட்டியை விட்டுப் படத்தின் விலையைப் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

இன்று வாங்குகிறவருக்கு

இந்த நீண்ட கதையிலிருந்து ஒரு கணக்கை எடுத்துக் கொள்ளலாம். உதாரணத்துக்கு மட்டும் சில எண்களை வைத்துக் கொள்வோம். ஒரு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் 5,000 ரூபாய், அதில் தாளும் மையும் சேர்த்து ஒரு படத்துக்கு 25 ரூபாய். ஒரு டேங்க் பிரிண்டர் 16,000 ரூபாய், படம் 5 ரூபாய். பெட்டியில் வித்தியாசம் 11,000 ரூபாய். ஒவ்வொரு படத்திலும் மிச்சம் 20 ரூபாய். 11,000ஐ 20ஆல் வகுத்தால் 550. அதாவது 550 படங்களுக்கு மேல் போடுகிறவருக்குத்தான் டேங்க் லாபம்.

மாதம் 40 படம் போடும் வீட்டுக்கு இது ஓராண்டும் இரண்டு மாதமும். மாதம் 10 படம் போடும் வீட்டுக்கு நாலரை ஆண்டுக்கு மேல். அதற்குள் மை காய்ந்து ஹெட் அடைத்துக் கொண்டால் கணக்கே மாறி விடும். ஆண்டுக்கு இருபது முப்பது படம் மட்டும் போடுகிறவர்கள் எந்த பிரிண்டரும் வாங்காமல் பென் டிரைவை எடுத்துக் கொண்டு லேபுக்குப் போவதே மலிவு. அங்கே பல இடங்களில் லேசர் ஒளியால் உண்மையான ஃபோட்டோ தாளில் படம் பதிக்கிறார்கள். 1996இல் ஃபுஜி கொண்டு வந்த ஃப்ரான்டியர் போன்ற டிஜிட்டல் மினிலேப்கள்தான் இதைப் பரவலாக்கின. எப்போதாவது, ஆனால் உடனே, வீட்டிலேயே வேண்டும் என்பவர்களுக்கு நாடா வகை ஏற்றது.

கணக்குப் போடுவதற்கான எண்கள் எங்கே கிடைக்கும்? கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கம் வரும் என்பதை எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி அளக்க ஐஎஸ்ஓ 24711 என்ற தரமுறை 2007இல் வந்தது. ஆனால் அது அலுவலகப் பக்கங்களுக்கானது. தாளில் பெரும்பகுதி வெள்ளையாக இருக்கும் பக்கங்கள் அவை. ஃபோட்டோ என்பது தாள் முழுக்க மை. 300 பக்கம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 300 ஃபோட்டோ வரும் என்று எண்ணினால் ஏமாற வேண்டியதுதான். புகைப்படங்களுக்கு ஐஎஸ்ஓ 29102 என்ற தனித் தரமுறை உண்டு. அந்த எண் கொடுத்திருந்தால் அதையே பார்க்க வேண்டும்.

அப்புறம் நான்கு கேள்விகள். எத்தனை நிற மை? முகப் படங்கள்தான் முக்கியம் என்றால் ஆறு நிறம் நல்லது. ஹெட் எங்கே இருக்கிறது, கார்ட்ரிட்ஜிலா பிரிண்டரிலா? பிரிண்டரில் என்றால் வாரம் ஒரு முறையாவது வண்ணத்தில் ஏதாவது அச்சிட வேண்டும். வேறு மையை ஏற்குமா? இந்த மை இந்த ஊரில் இன்னும் ஐந்து ஆண்டு கிடைக்குமா?

1888இல் கோடாக் கேமரா வாங்கியவர் ஒரே ஒரு வகுத்தல் கணக்கில் எல்லாவற்றையும் தெரிந்து கொண்டார். இன்று அதே கணக்கைப் போட நாலைந்து எண்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தேடினால் கிடைக்கிறது, ஒரு தாளும் பேனாவும் போதும். அதைக் கடைக்குப் போகும் முன் போட்டுப் பார்த்து விட்டால் பிரிண்டர் மேசை ஓரத்தில் தூங்காது. படங்களும் ஆல்பத்துக்கு வந்து சேரும்.